கைபேசி தானாக நின்ற மதியம்

தங்கை ஜெயித்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் அக்காவுக்கு வாய் ஓயாது. காது கேளாதவளிடம் மிஷினைக் கொடுத்தால் விரலைத் தைத்துக்கொண்டு வந்து நிற்பாள் என்று கையை விரித்த தையல்கூடத்தில், சட்டைப் பொத்தானுக்குக் காஜாத் துளை போடும் மிஷினையே கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். இன்றுவரை அவள் விரலில் ஒரு கீறல் கிடையாது. இவளை எவன் கட்டுவான் என்று உறவெல்லாம் உதட்டைப் பிதுக்கியபோது, தனக்குப் பிடித்தவனைத் தானே பார்த்து, தானே கேட்டு, சம்மதமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அவன் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, முடங்கிவிடுவாள் என்று எல்லாரும் நினைத்திருக்க, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். மருத்துவமனை வரிசையில் முண்டியடித்து முன்னே வந்த ஒரு தடியனைச் சத்தமே இல்லாமல், வெறும் முறைப்பாலேயே கடைசிக்கு அனுப்பியதும் உண்டு. அக்கா அதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்வாள்.

ஆனால் இந்த வரிசையில் கடைசியாக வருவது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதைச் சொல்ல ஒரு கைபேசியும், அதை நிற்க வைக்க மூன்று கால் தாங்கி ஒன்றும் வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டில் யாருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. பெயரெல்லாம் கையில்தான். மோவாயில் ஒரு விரலை வைத்தால் தங்கையின் மகள். அங்கே அவளுக்கு எள்ளு மாதிரி ஒரு மச்சம். இடுப்பைத் தட்டிச் சாவி திருகுவதுபோல் விரலைத் திருகினால் தங்கையின் மாமியார். சாவிக்கொத்து இல்லாமல் அவர் குளிக்கக்கூடப் போகமாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று மடித்தால் அக்கா. அவள் வேலை சலவைக்கடையில், துணி மடிப்பது. அக்கா கோபமாக இருக்கும் நாட்களில் அதே மடிப்போடு வாயையும் அகலமாகத் திறந்து காட்டுவாள் தங்கை. அதைப் பார்த்து அக்காவின் கோபம் இன்னும் ஏறும்.

இந்த வீடு என்பது பழைய கட்டடம் ஒன்றின் மாடியில், மரப்பலகைத் தளம் போட்ட ஒற்றை அறை. பலகையை மிதித்தால் அதிர்வு அறை முழுக்கப் பரவும். தங்கையைக் கூப்பிட அதுதான் வழி. அக்கா வாசலில் நின்று காலால் இரண்டு தட்டுத் தட்டினால் தங்கை திரும்புவாள்.

குழந்தையை மாமியார் கூட்டிக்கொண்டு போனது, நாலு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று சொல்லித்தான். நாலு நாள் நாற்பதாகியும் அனுப்பவில்லை. அக்கா போனில் கேட்டபோது மாமியார் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"பெரியவளே, நான் கெட்டவ இல்ல. என் மகன் போயிட்டான். அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். ராத்திரி புள்ள மூச்சுத் திணறி அழுதா உன் தங்கச்சிக்குக் கேக்குமா, சொல்லு."

"உங்க மகனுக்கும்தான் காது கேக்காது. அவரு புள்ளையப் பாத்துக்கலையா?"

"அவன் பக்கத்துல நான் இருந்தேன்டி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு விஷயம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனது. அங்கே இருந்த அலுவலர் அம்மா வட்டக் கண்ணாடி போட்டவர். தங்கை முதல் நாளே அவருக்கு இரண்டு கண்ணிலும் விரல்வட்டம் வைத்துப் பெயர் சூட்டிவிட்டாள். தாயின் வாக்குமூலம் தாயின் சைகையிலேயே வேண்டும் என்றார் அவர். சைகை மொழி தெரிந்த அதிகாரி வேறு ஊரில், தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். வீடியோ எடுத்து அனுப்பினால் அவர் பார்த்து எழுதிக் கொடுப்பார்.

"அவ சொல்றதை நானே சொல்லிடுறேனே மேடம். சின்ன வயசுலேருந்து அவளுக்கு வாய் நான்தான்" என்றாள் அக்கா.

"அதனாலதாம்மா நீங்க சொல்லக்கூடாது" என்றார் கண்ணாடி.

சரியென்று அக்கா கைபேசியைத் தன் கையில் பிடித்து, தங்கையைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாள். மூச்சை அடக்கிப் பிடித்தாள். கை ஆடவில்லை. படம் பளிச்சென்று வந்திருந்தது. அனுப்பிய கையோடு, பாதிப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது போல ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது வியாழக்கிழமை காலை. அக்கா சலவைக்கடையில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி கூப்பிட்டார்.

"வீடியோ செல்லாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. உங்க தங்கச்சி கேமராவைப் பாக்கவே இல்ல. கேமராவுக்கு மேல யாரையோ பாத்துப் பாத்துப் பேசுறாங்க. ஒவ்வொரு வரிக்கும் நின்னு, அந்த ஆள் முகத்தைப் பாத்துட்டு, அப்புறம் அடுத்ததைச் சொல்றாங்க. யாரோ சொல்லிக்குடுக்குறாங்கன்னு மாமியார் தரப்புல ஆட்சேபம் வந்திருக்கு."

அந்த யாரோ தான்தான் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கை வரிக்கு வரி நின்றது, அக்கா தலையாட்டுகிறாளா என்று பார்க்க. அக்காவும் வரிக்கு வரி தலையாட்டியிருந்தாள். இரண்டொரு இடத்தில் உதட்டை அசைத்து அடுத்ததை எடுத்தும் கொடுத்திருந்தாள். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிப்போனதால் இருவருக்குமே அது தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில முடிவு எடுத்துடுவாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள புது வீடியோ வரணும். ரூம்ல அவங்களைத் தவிர யாரும் இருக்கக்கூடாது. நடுவுல நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுக்கணும். தலையிலேருந்து இடுப்பு வரைக்கும் தெரியணும், கை வெளியில போயிடக்கூடாது."

"யாரும் இல்லாம போனை யாரு மேடம் பிடிக்கிறது?"

"அதை நீங்கதாம்மா பாத்துக்கணும்."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மடித்துக்கொண்டிருந்த போர்வைகளைக் கக்கத்தில் இடுக்கியபடியே கடைக்காரரிடம் அரைநாள் விடுப்புச் சொன்னாள். போர்வையை எங்கேம்மா கொண்டுபோற என்று அவர் கேட்டபோதுதான் அது கையில் இருப்பதே தெரிந்தது. வேண்டியிருக்கும் என்று ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அழுக்காக்காமக் கொண்டுவா என்றதோடு விட்டுவிட்டார்.

தெருமுனையில் மொபைல் கடை. அங்கே இருந்தவர் வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் ஒரே மாதிரிதான் பேசுவார்.

"தானா நிக்கிற மாதிரி போன் மாட்டுறது ஒண்ணு வேணும்."

"ட்ரைபாடா? என்னக்கா, டான்ஸா, சமையலா? இந்தத் தெருவுல எல்லாரும் ஸ்டார் ஆயிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"புள்ளைய வாங்கப் போறோம்" என்றாள் அக்கா.

கடைக்காரர் அதற்கு மேல் விளையாடவில்லை. பின்னாலிருந்து ஒன்றை எடுத்து, கால்களை விரித்து மேசைமேல் நிறுத்திக் காட்டினார். மேலே போனைக் கவ்வும் பிடியை இழுத்து விட்டுப் பார்க்கச் சொன்னார். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தது. "முதலை வாய் மாதிரி கவ்வும்க்கா. போன் விழவே விழாது. ஒரு கால் மட்டும் கொஞ்சம் தள்ளாடும், அதுக்குக் கீழ எதையாவது மடிச்சு வச்சிடுங்க."

தங்கை தையல்கூடத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இருவரும் சாப்பிடவில்லை. சேதியைக் கையால் சொல்லி முடித்தாள் அக்கா. தங்கை சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

'நீ இல்லாம எனக்குப் பேச வராது' என்றது அவள் கை.

'வரும்.'

'அந்தக் கறுப்புப் புள்ளிகிட்ட என்ன பேச? அதுக்கு மூஞ்சி இருக்கா? புரியுதா இல்லையான்னு அது சொல்லுமா?'

 வாயால் பேசுகிறவர்கள் சுவரைப் பார்த்துக்கூடப் பேசிவிடலாம். கையால் பேசுகிறவளுக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தில் ஓர் அசைவு வேண்டும். இது அக்காவுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, தங்கையின் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள்.

சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி இடம் பார்த்தார்கள். தாங்கியை விரித்து, தள்ளாடிய காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்து, கைபேசியைப் பிடியில் செருகினார்கள். படம் தெளிவாக வரட்டும் என்று பின்பக்கக் கேமராவையே தங்கையை நோக்கித் திருப்பி வைத்தாள் அக்கா. அதனால் திரை தங்கைக்குத் தெரியாது. பரவாயில்லை என்று நினைத்தாள். நிற்க வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள். வெளியே போனாள். கதவைச் சாத்தினாள்.

கம்பிப் படியில் உட்கார்ந்துகொண்டு காதைக் கதவில் வைத்தாள். தங்கை கையால் பேசும்போது தொண்டையிலிருந்து சின்னச் சின்ன ஒலிகள் வரும். அது அவளுக்கே தெரியாது. அந்த ஒலிகளை வைத்தே எந்த இடத்தில் இருக்கிறாள் என்று அக்காவால் சொல்லிவிட முடியும். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கொஞ்சம் முனகல். கணவன் போன நாளைச் சொல்கிறாள். பிறகு பலகையில் தடதடவென்று ஒரு மிதி; மாமியாரிடம் கோபம். அந்த மிதியை ஒட்டி உள்ளே 'டொடிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஏதோ மெசேஜ் வந்திருக்கிறது, இந்த நேரம் பார்த்து எவனோ அனுப்புகிறான் என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

தங்கை நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். தொண்டையிலிருந்து வந்த ஒலி விம்மலாக மாறியது, அடங்கியது, மறுபடி எழுந்தது. கடைசியில் கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை, ஆனால் கண்ணில் ஒரு ஒளி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டவளின் முகம். அக்கா உள்ளே ஓடிப்போய்க் கைபேசியைப் பிடியிலிருந்து உருவிப் பார்த்தாள்.

உள்ளே இரண்டு துண்டுகள் இருந்தன. முதல் துண்டு தங்கை பலகையை மிதித்த இடத்தோடு நின்றுபோயிருந்தது. நிறுத்துவதாக நினைத்துத் தங்கை அழுத்தியபோது தொடங்கிய இரண்டாவதில் அவள் உள்ளங்கை கேமராவை விட்டு விலகுகிறது, கதவு திறக்கிறது, அக்கா பல்லெல்லாம் தெரிய ஓடி வருகிறாள். நடுவில் இருந்தது அத்தனையும் காற்றோடு போயிருந்தது.

முதலை வாய் கவ்விய இடம் கைபேசியின் விளிம்பில் இருக்கும் ஒலிப் பொத்தான். அதை அழுத்தினால் பதிவு நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால் தொடங்கும். பலகை அதிர்ந்ததும் பிடி அசைந்து பொத்தானை அமுக்கியிருக்கிறது. கைபேசி அதைச் சத்தம் போட்டுச் சொல்லியும் இருக்கிறது. உள்ளே இருந்தவளுக்கு அது கேட்காது. கேட்டவள் கதவுக்கு வெளியே, மெசேஜ் அனுப்பியவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கை அந்த இரண்டாவது துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு கைபேசியைப் பாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். காது கேளாதவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளோடு பேச உலகத்தில் வழியே இல்லை. அக்கா காலால் தட்டினாள். திரும்பவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து, உள்ளங்கைக்குள்ளேயே விரலால் சொன்னாள்: 'இன்னொரு தடவை.'

கண்ணை மூடியபடியே கை பதில் சொன்னது. 'அவளே வச்சுக்கட்டும். அவளுக்குக் காது கேக்குது. ஒருவேளை அவ சொல்றதுதான் சரியோ என்னவோ. போன் கத்தினது எனக்குத் தெரியல. நாளைக்கு என் பொண்ணு கத்தினா?'

 அக்காவுக்கு, பிள்ளை போய்விடும் என்ற பயத்தைவிட இவள் இப்படிச் சொன்னது பெரிய பயமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். தெரிந்த சைகை ஒன்றும் போதவில்லை. அக்கா இன்னும் பக்கத்தில் நகர்ந்து, வாய்விட்டு அழுதாள். அந்த வீட்டில் சத்தமாக அழுவதில் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தேதான் அழுதாள்.

அந்த அழுகை பலகை வழியாகத் தங்கையைத் தொட்டது. அவள் கண்ணைத் திறந்து, கையை நீட்டி அக்காவின் முதுகில் வைத்தாள். உள்ளங்கையை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சட்டென்று எழுந்தாள்.

பிடியைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கவ்வும் இடத்தில் ரப்பர் ஒட்டியிருந்தது. தையல் பையிலிருந்து காஜா கீறும் சின்ன உளியை எடுத்தாள். பொத்தான் படும் இடத்தை நகத்தால் குறித்து, ரப்பரில் அதே நீளத்துக்கு ஒரு துண்டைக் கீறி எடுத்தாள். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, ஒரே கீறல்தான். கைபேசியைச் செருகியபோது பொத்தான் அந்தப் பள்ளத்துக்குள், எதுவும் தொடாமல் உட்கார்ந்தது. தாங்கியை நன்றாக ஆட்டிப் பார்த்தாள். பொத்தான் அமுங்கவில்லை.

சலவைக்கடைப் போர்வைகளைத் தாங்கியின் காலுக்குக் கீழே அடுக்கினாள் அக்கா. பலகை ஆடினாலும் அதிர்வு இனி மேலே ஏறாது. அழுக்காக்காமல் கொண்டுவரச் சொன்னவருக்கு நாளை பதில் சொல்லிக்கொள்ளலாம்.

பின்பக்கக் கேமரா வேண்டாம் என்று தங்கை தலையசைத்துவிட்டு, கைபேசியைத் திருப்பி, திரை தன்னைப் பார்க்கும்படி வைத்தாள். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் பதிவு ஓடும் சிவப்புப் புள்ளியும், கை எதுவரை தெரிகிறது என்பதும் அவள் கண்ணுக்கு எதிரே இருந்தன.

'யாரைப் பாத்துப் பேசுவ?' என்றாள் அக்கா.

 தங்கை இடுப்பைத் தட்டி விரலைத் திருகினாள். மாமியார். பிறகு கதவைக் காட்டினாள். அக்கா கிளம்பத் தாமதித்ததும், உள்ளங்கைகளை மடித்து வாயையும் அகலமாகத் திறந்து காட்டினாள்.

மறுபடி கம்பிப் படி. மறுபடி கதவில் காது. சன்னல் வெளிச்சம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை உள்ளே முனகல் இல்லை, விம்மல் இல்லை. சீரான மூச்சும் துணி உரசும் ஒலியும் மட்டும். எந்த இடத்தில் இருக்கிறாள் என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கை என்ன பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருமுறை பலகை அதிர்ந்தது. அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 'டொடிங்'குக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கடைசியில், கதவு திறப்பதற்குச் சற்று முன்னால்தான் வந்தது.

படியில் நின்றபடியே இருவரும் பார்த்தார்கள். தங்கை நேராகப் பார்த்துப் பேசியிருந்தாள்.

'அத்தை, உங்களுக்குச் சைகை தெரியும். அதனால உங்ககிட்டயே சொல்றேன். உங்க மகன் சின்னவனா இருந்தப்ப, கதவைத் தட்டினா அவருக்குக் கேக்காதுன்னு தளத்தை மிதிச்சுக் கூப்பிட்டீங்களாமே. அவர் சொல்லியிருக்கார். அந்த மாதிரிதான் நானும். ராத்திரி என் மணிக்கட்டுலேருந்து என் பொண்ணு மணிக்கட்டுக்கு ஒரு துணி நாடா. அவ கையை அசைச்சா நான் முழிச்சுக்குவேன். நாடா நழுவினா, என் உள்ளங்கை அவ முதுகுலதான் இருக்கும். அழுகை வாய்க்கு வர்றதுக்கு முன்னால முதுகுக்கு வரும். காது கேக்குற அம்மா, சத்தம் வந்தப்புறம் எழுந்திருப்பாங்க. நான் அதுக்கு முன்னாலயே எழுந்திருப்பேன். உங்களுக்கு மகன் இல்லைங்கிறது எனக்குத் தெரியும். எனக்கும் அவர் இல்ல. நீங்க வந்து எங்ககூட இருங்க. அவளை மட்டும் தனியா வச்சுக்காதீங்க.'

அக்கா அதற்குமேல் பார்க்காமல் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாடியில் சிக்னல் போதாது என்று படியில் இறங்கி, தெருவில் இறங்கி, மொபைல் கடைவரை ஓடினார்கள். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் தன் இணைப்பைப் போட்டுக் கொடுத்தார். வட்டம் நின்று, போய்ச் சேர்ந்தது என்ற அடையாளம் வந்தபோது அஞ்சு மணி அடிக்கக் கொஞ்சம்தான் இருந்தது. தங்கை அந்தக் கடை வாசல் படியிலேயே உட்கார்ந்து, கைகள் இரண்டையும் மடியில் கிடத்தினாள். 

மறுநாள் அலுவலகத்தில் அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பைக் கண்ணாடி வரி வரியாக வாசித்தார். மாமியார் வாசிப்பைக் கேட்கவில்லை. அவர் திரையில் தங்கையின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பு பாதி வருவதற்குள் எழுந்துவிட்டார்.

"போதும் மேடம். மீதியை நான் பாத்துட்டேன்."

"உங்க ஆட்சேபம்?"

"அது நேத்து" என்றார் மாமியார். பிறகு அக்காவிடம் திரும்பி, "நீ சொல்லிக்குடுத்திருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது" என்றார். பாராட்டா குத்தலா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. திருப்பிச் சொல்ல வாயில் நாலு பதில் இருந்தது. சொல்லவில்லை.

கூட வந்து இருப்பது பற்றி மாமியார் எதுவும் பேசவில்லை. வாரம் ஒருநாள் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அலுவலக வேலைகள் முடிய இன்னும் சில நாள் பிடித்தது. அந்த நாட்களில் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தாளில் எழுத்து வரும்வரை எதையும் நம்ப மறுத்தாள்.

குழந்தையை ஒப்படைக்கும் நாளில், பெற்றுக்கொண்டவர் என்று கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டி, கண்ணாடி பழக்கதோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து தங்கையின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். தங்கை மைப்பெட்டியை மூடினாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். அந்தச் சில நாள் இரவெல்லாம் தூங்காமல் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, நூல் அறுந்துவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாக இழுத்து எழுதி முடித்தாள். மகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடி பக்கத்திலேயே தேதியைப் போடச் சொன்னார். அதையும் தங்கையே போட்டாள்.

ஆகஸ்ட் மாதம், இருபத்தாறாம் தேதி.